வழியில் ஓர் ஊர்

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ஒருமுறையாவது சாலை வழியாகப் போயிருந்தால் நீங்கள் எங்கள் ஊரைப் பார்த்திருக்கிறீர்கள். பார்த்த ஞாபகம் இல்லையென்றால் குற்றம் உங்களுடையதல்ல; ஊர் அப்படி. பெயர் புத்தலப்பட்டு. சித்தூரைத் தாண்டி ஏறக்குறைய இருபது கிலோமீட்டரில் சாலை இரண்டாகப் பிரியும். ஒன்று ஏழுமலையானிடம் போகும். மற்றொன்று பீலேரு, கடப்பை வழியாகக் கர்நூலுக்குப் போகும். பிரிகிற அந்த இடம்தான் நாங்கள். புத்தலப்பட்டுக்கென்று போகிற பெரிய சாலை எதுவும் கிடையாது. எல்லாச் சாலைகளும் அதன் வழியாக வேறெங்கோ போகின்றன.

நான் படித்த காலத்தில் உயர்நிலைப் பள்ளித் தெலுங்கு ஐயவாரு வருஷம் தவறாமல் ஒரே கட்டுரைதான் கொடுப்பார்: ‘எங்கள் ஊர்’. அதற்கு மூன்று தலைப்பு. சரித்திரம், பூகோளம், ஜனத்தொகை. தலைப்புக்குப் பத்து வரி. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று இரண்டு நாக்கோடு வளர்ந்த எனக்குப் பத்து வரியை நிரப்புவதற்குள் பேனா மை காய்ந்துவிடும். எழுத என்ன இருக்கிறது? ஏரி இருக்கிறது, கோயில் இருக்கிறது, ரயில் நிலையம் இருக்கிறது, இவற்றுக்கு நடுவில் நாங்கள் இருக்கிறோம். இப்போது காட்பாடியில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு அதே மூன்று தலைப்பை எடுத்தால் பத்து வரியில் நிற்க மாட்டேனென்கிறது. ஊர் பெரிதாக வளர்ந்துவிட்டது என்று அர்த்தமல்ல. ஊர் தன் பாட்டுக்குச் சும்மாதான் இருந்தது. அதை வைத்து மற்றவர்கள் பார்த்த வேலைகள்தான் ஏராளம்.

முதலில் சரித்திரம்.

என் தாத்தா பிறந்தது வடஆர்க்காடு ஜில்லாவில். அந்த ஜில்லாவுக்குத் தலைமையிடம் அன்று சித்தூர். வேலூர்க்காரர்கள் கலெக்டரைப் பார்க்கச் சித்தூருக்கு வரவேண்டியிருந்த பொற்காலம் அது. 1911 ஏப்ரல் 1-ஆம் தேதி சித்தூர் தனி ஜில்லா ஆயிற்று. வடஆர்க்காட்டிலிருந்து சித்தூர், பலமநேர், சந்திரகிரிப் பக்கங்களையும் கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு பக்கங்களையும் வெட்டி ஒட்டினார்கள். அதற்காக ஏப்ரல் முதல் தேதியைத் தேர்ந்தெடுத்த வெள்ளைக்கார அதிகாரிக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததா என்று தெரியவில்லை.

என் அப்பா பிறந்தது சென்னை ராஜதானியின் சித்தூர் ஜில்லாவில். 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர ராஜ்யம் பிறந்தது. அடுத்த வருஷம் என் கடைசி அத்தை அந்த ராஜ்யத்தில் பிறந்தாள். 1956 நவம்பர் 1-இல் அது ஆந்திரப் பிரதேசம் ஆனது. அதற்கடுத்த வருஷம் நான். ஆக ஒரே குடும்பத்தில் நான்கு பேர் நான்கு முகவரிகளில் பிறந்தோம். நால்வரும் பிறந்த அறை ஒன்றேதான். ஜன்னல் கிடையாது, வெளியே எந்த ராஜ்யம் நடக்கிறது என்று உள்ளிருந்து பார்க்க முடியாது.

ஆந்திர ராஜ்யத்துக்குக் கர்நூல் தலைநகரம் என்றதும் ஊரில் கொஞ்சம் மிதப்பு வந்ததாம். கர்நூல் சாலை எங்கள் வழியாகத்தானே போகிறது! அதிகாரம் எங்களைத் தாண்டிப் போய்வருவதைத் திண்ணையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். மூன்றே வருஷத்தில் தலைநகரம் ஹைதராபாத்துக்கு மாறியது. 2014-இல் தெலங்கானா பிரிந்தபோது ஹைதராபாத்தும் போய், அமராவதி வந்தது. நடுவில் மூன்று தலைநகரம் என்றொரு பேச்சு எழுந்து அடங்கியது. இத்தனைக்கும் ஊர்க்காரர்கள் நெஞ்சு வலித்தால் வேலூருக்கும், பட்டுப்புடவைக்குக் காஞ்சிபுரத்துக்கும், சினிமாவில் சேர ஓடிப்போவதென்றால் சென்னைக்கும்தான் போய்க்கொண்டிருந்தார்கள். தலைநகரம் என்பது நாங்கள் ஒருபோதும் போகாத ஊருக்கு அரசாங்கம் வைக்கிற பெயர்.

மொழிவாரிப் பிரிவினையில் சித்தூர் யாருக்கு என்பது பெரிய தகராறு. ம.பொ.சி. வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினார். மத்தியஸ்தர் பட்டாஸ்கரின் சமரசப்படி, 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்குச் சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. அமலுக்கு வந்த தேதி? மறுபடியும் ஏப்ரல் 1. தாத்தா தமிழ்ப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “திருத்தணி வரிக்கும் வந்துட்டாங்கோ. இன்னும் கொஞ்சம் தள்ளினா நாமளும் வந்துடுவோம்” என்றாராம். எதிர்வீட்டு ரெட்டிகாருக்கும் அதே சந்தேகம், ஆனால் எதிர்த் திசையில்: “தள்ளிவிடுவார்களோ?” இரண்டு பேரும் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கோடை ஏரி வற்றியதும், மதகு தூர் வாருவதற்கு ஆள் பிடிக்க இருவரும் சேர்ந்தே கிளம்பிப் போனார்கள். கோடு இன்றுவரை அங்கேயே நிற்கிறது.

பழைய சரித்திரத்திலும் எங்களுக்கு அக்கம்பக்கத்து இடம்தான் கிடைத்தது. ஹைதர் அலி 1782 டிசம்பரில் செத்துப்போனது சித்தூருக்குப் பக்கத்தில், நரசிங்கராயன்பேட்டைப் பாளையத்தில். சாவுச் செய்தி தெரியாமலிருக்க உடலைப் பெட்டியில் வைத்து ரகசியமாகக் கொண்டுபோனார்கள். இந்தப் பக்கம் நடந்த பெரிய விஷயம் ஒன்று, அதுவும் யாருக்கும் தெரியக்கூடாது என்று நடந்தது. காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோயில் பக்கத்து மண்டலத்தில் இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் முதலாம் குலோத்துங்கச் சோழன் கட்டியது என்பார்கள். கிணற்றிலிருந்து எழுந்த பிள்ளையார், வருஷத்துக்கு வருஷம் வளர்கிறார் என்பது நம்பிக்கை. அவர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தால் தப்ப முடியாது. அன்று வரப்புத் தகராறுக்கும் ஆட்டுத் திருட்டுக்கும் இங்கே கூட்டிவந்து சத்தியம் வாங்குவார்கள். இன்று தொலைக்காட்சியில் ஓர் அரசியல்வாதி இன்னொருவரைப் பார்த்து, “காணிப்பாக்கம் வந்து பிரமாணம் செய்யத் தயாரா?” என்று சவால் விடுகிறார். திருடர்களாவது அன்று வந்து சேர்ந்தார்கள்.

அரசியலும் எங்களுக்கு டென்ட் கொட்டகையில்தான் அறிமுகம். அங்கே ஒரு வாரம் என்.டி.ஆர். படம், மறுவாரம் எம்.ஜி.ஆர். படம். இரண்டுக்கும் அதே மணல், அதே முறுக்கு. நாங்கள் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த இரண்டு பேருமே பிற்பாடு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சமயத்தில் முதலமைச்சர்களாக இருந்தார்கள். வாலியையும் கம்சனையும் விட்டுவிட்டு எங்கள் என்.டி.ஆர். 1984-இல் கரணத்தையும் முனசப்பையும் ஒழித்தார். பரம்பரை கிராம அதிகாரிகள் போனார்கள். மறுவருஷம் தாலுக்காக்களை உடைத்து மண்டலங்கள் ஆக்கினார். புத்தலப்பட்டு மண்டலத் தலைமையிடம் ஆயிற்று. அதுவரை ஒரு சான்றிதழுக்குச் சித்தூர் போய் அலைந்தோம். அப்புறம் உள்ளூரிலேயே அலைந்தோம்.

கரணம் காலத்தில் ஊரின் நிலமெல்லாம் ஒரு மனிதரின் தலைக்குள் இருந்தது. எந்த வரப்பு யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கண்ணைத் திறக்க வைப்பதற்குத்தான் செலவு. இப்போது ‘மீபூமி’ இணையத்தில் சர்வே எண்ணைத் தட்டினால் அடங்கல் வந்து விழுகிறது. ஒரு ஆட்சியில் பட்டாதார் பாஸ்புக்கில் முதலமைச்சர் படம் சிரித்தது. அடுத்த ஆட்சியில் அதை எடுத்துவிட்டு அரசு முத்திரை போட்டார்கள். நிலத்தில் மட்டும் அதே வேலிக்காத்தான்.

இனி பூகோளம்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் கற்கள் உருண்டு வந்து நின்றுபோன தேசம் இது. குன்று, குன்றுக்குக் கீழே ஏரி, ஏரிக்குக் கீழே கரும்பு, மேட்டில் வேர்க்கடலை. ஐயவாரு கட்டுரையில் நான் எழுதிய பூகோளம் இவ்வளவுதான். சித்தூரைத் தொட்டுப் போகும் நீவா பொன்னையாற்றில் சேரும். பொன்னை தமிழ்நாட்டுக்குள் நுழைந்து பாலாற்றில் கலக்கும். மாநிலம் பிரித்தவர்கள் ஆற்றிடம் சொல்ல மறந்துவிட்டார்கள். ஆனாலும் நீவாவுக்குப் புகழ் உண்டு. ஸ்ரீசைலத்துக் கிருஷ்ணா நீரை மேடு மேடாக ஏற்றி ராயலசீமைக்குக் கொண்டுவரும் திட்டத்துக்கு ஹந்திரி-நீவா சுஜல ஸ்ரவந்தி என்று பெயர். கர்நூல் ஹந்திரி ஒரு முனை, எங்கள் நீவா மறுமுனை. நான் பார்த்த நீவா பெரும்பாலும் மணல்தான். தண்ணீருக்கு முன்னால் அதன் பெயர் மாநிலம் முழுக்க ஓடிவிட்டது.

அன்று கிணறு வெட்டினால் நீர் தெரியும். ஏற்றம் இறைத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அப்புறம் ஆயில் எஞ்சின், கரண்ட் மோட்டார், போர். என் சித்தப்பா மகன் தோட்டத்தில் போர் ஆயிரம் அடியைத் தாண்டிப் போயிருக்கிறது. புகையாக வருகிற கல்மாவைப் பார்த்து, “தண்ணி எங்க நைனா?” என்று கேட்டால், “கீழதான் கீது சித்தப்பா, இன்னும் கொஞ்சம் கீழ” என்கிறான் அவன் பையன். திருத்தணியைப் பற்றி என் தாத்தா பேசிய அதே தொனி.

கரும்பு வயலோரம் மார்கழி தையில் வெல்லம் காய்ச்சும் வாசனைக்குப் பள்ளிக்கூடமே காலியாகிவிடும். கொட்டகைக்காரர் ஆளுக்கொரு உருண்டை சூடாகக் கையில் வைத்து விரட்டுவார். தண்ணீர் கீழே போகப் போகக் கரும்பு மறைந்து மாமரம் ஏறியது. கிளிமூக்கு மாங்காய், எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘பெங்களூரா’. அந்தக் காலத்தில் விருந்தாளிக்குக் கொடுக்கத் தயங்கிய ரகம். இன்று சித்தூர் ஜில்லாவின் கூழ் தொழிற்சாலைகளுக்கு அதுதான் உயிர். கூழாகி, டப்பாவில் அடைபட்டு, கப்பலேறி வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. 2025 கோடையில் காய் மலையாகக் குவிந்து விலை சரிந்தபோது, கிலோவுக்குத் தொழிற்சாலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று கணக்குப் போட்டார்கள். லாரிகள் தொழிற்சாலை வாசலில் நாள்கணக்கில் வரிசை கட்டின. எங்கள் மாங்காய்க்கு மட்டும்தான் ஊர் எல்லையில் காத்திருக்க நேரம் இருந்தது. மற்ற எல்லாம் எங்களைத் தாண்டி வேகமாகப் போகக் கற்றுக்கொண்டுவிட்டன.

வேகம் என்றதும் சாலைக்கு வரவேண்டும். ஊரின் பெயர் இந்திய வரைபடத்தில் ஏறியது அதனால்தான். கர்நூல் – சித்தூர் நெடுஞ்சாலை 18-ஆம் எண். அதிலிருந்து கிளைத்த 18ஏ புத்தலப்பட்டில் தொடங்கித் திருப்பதியில் முடிந்தது. நீளம் 50 கிலோமீட்டர். ஒரு தேசிய நெடுஞ்சாலை எங்கள் டீக்கடை முன்னால் பிறக்கிறது என்பது சாதாரண விஷயமா? அப்புறம் நாடு முழுக்க எண்களை மாற்றினார்கள். 18 என்பது 40 ஆயிற்று, 18ஏ என்பது 140 ஆயிற்று. டீக்கடை அதே இடத்தில்தான் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. சித்தூரிலிருந்து மல்லவரம் வரை 61 கிலோமீட்டர் ஆறுவழிச் சாலையாக அகலமானபோது, கடையும் புளிய மரங்களும் கணக்கில் வரவில்லை.

அந்தப் புளிய மரங்களுக்குக் கீழேதான் புரட்டாசி நடக்கும். வேலூர், ஆரணி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து மஞ்சள் துணி கட்டிக்கொண்டு கோவிந்தா போட்டபடி ஜனங்கள் நடந்து வருவார்கள். திண்ணைகளில் படுப்பார்கள். பாட்டி பானையில் நீர்மோர் வைப்பாள்; அவர்கள் காலில் கொப்புளத்துக்கு வேப்பெண்ணெய் தடவிவிட்டு, தான் திருப்பதி போகாமலே புண்ணியக் கணக்கை நேர் செய்துகொள்வாள். ஐம்பது கிலோமீட்டர் பக்கத்திலிருந்தும் பாட்டி மலையேறியது வாழ்நாளில் ஓரிரு முறைதான். இன்றும் நடப்பவர்கள் நடக்கிறார்கள். மற்றவர்கள் சென்னையிலோ பெங்களூரிலோ காலையில் புறப்பட்டு, தரிசனம் முடித்து, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறார்கள். நடுவில் ‘ராயலசீமை ருசிகள்’ என்ற பலகை பார்த்து நிறுத்தி, ராகி சங்கடியும் நாட்டுக்கோழிப் புலுசும் சாப்பிட்டுப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அரிசி வாங்க வழியில்லாத நாளில் எங்கள் வீட்டில் கிண்டிய அதே சங்கடி. அதைத் தின்று வளர்ந்ததை மறைத்துத்தான் நான் பெண் பார்க்கப் போனேன். இப்போது அதற்கு ஜி.எஸ்.டி. உண்டு.

ரயிலும் எங்களை விடவில்லை. தென்னிந்திய ரயில்வே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் போட்ட மீட்டர் கேஜ் பாதை காட்பாடி, சித்தூர், பாகாலா என்று போகும். கரி எஞ்சின் பாசஞ்சர் ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது பையன்கள் இறங்கிச் சீதாப்பழம் பறித்துக்கொண்டு ஓடிப்போய் ஏறுவார்கள். பாதை அகலமானது, வேகம் கூடியது, எக்ஸ்பிரஸ்கள் நிற்பதை நிறுத்தின. திருப்பதி – பாகாலா – காட்பாடி 104 கிலோமீட்டரை இரட்டைப் பாதையாக்க 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 1,332 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. இதுவரை ஒரு பாதையில் நிற்காமல் போன வண்டிகள் இனி இரண்டு பாதையில் நிற்காமல் போகும்.

பஸ் விஷயத்தில் முன்னேற்றத்தை மறுக்க முடியாது. 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திராவில் பல்லெவெலுகு, எக்ஸ்பிரஸ் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 2021 முதலே சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் இல்லை. என் கடைசி அத்தை புத்தலப்பட்டிலிருந்து சித்தூருக்கு இலவசமாக வந்துவிடுகிறாள். காட்பாடிக்குள் எங்கே வேண்டுமானாலும் இலவசமாகப் போகிறாள். நடுவில் உள்ள எல்லையைத் தாண்டத்தான் டிக்கெட். “பட்டாஸ்கருக்குக் குடுக்கற காசுடா இது” என்கிறாள்.

கடைசியாக ஜனத்தொகை.

1971 கணக்கெடுப்புக்கு ஐயவாருவே எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த முறை கணக்கெடுப்புக்கான தேதியும் ஏப்ரல் 1 என்பதை நான் ஜோடித்துச் சொல்லவில்லை. “எத்தனை பிள்ளைகள்?” என்று கேட்டதற்குத் தாத்தா, “இருக்கறாங்க சாமி, போதுமான அளவு” என்றார். எண்ணிச் சொன்னால் கண் பட்டுவிடும். ஐயவாரு திண்ணையில் காத்திருந்து, சாப்பிட உட்கார்ந்தவர்களை இலை இலையாக எண்ணிக்கொண்டு போனார். அதில் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனும் சேர்ந்துவிட்டான். இந்தியாவின் ஜனத்தொகையில் அன்று ஒன்று கூடியது.

பிறகு சிவப்பு முக்கோணம் வந்தது. சுவரெல்லாம் இருவர் போதும் என்றது. 1994 பஞ்சாயத்து ராஜ் சட்டம், இரண்டுக்கு மேல் பிள்ளை பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்றது. ஊரில் ஒருவர் மூன்றாவது பிள்ளை பிறந்த நாளில் சர்ப்பஞ்ச் கனவைக் கைவிட்டார். அந்தப் பிள்ளையைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஜனங்கள் அரசாங்கம் சொன்னதை இவ்வளவு ஒழுங்காகக் கேட்டது அந்த ஒரு விஷயத்தில்தான். பலன்: 2024 நவம்பரில் அந்த விதியைச் சட்டமன்றமே நீக்கியது. முதியவர்கள் பெருகுகிறார்கள், பிள்ளைகள் போதவில்லை, இன்னும் பெறுங்கள் என்கிறார் முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு. அவரும் எங்கள் பழைய ஜில்லாக்காரர், சந்திரகிரி பக்கத்து நாராவாரிப்பள்ளி. மூன்றாம் பிள்ளைக்காரர் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். தாராளமாகத் தேர்தலில் நிற்கலாம். அந்த மூன்றாம் பிள்ளைதான் அவருக்கு மருந்து வாங்கித் தருகிறான்.

2011 கணக்கில் சித்தூர் ஜில்லாவில் ஏறக்குறைய 41.7 லட்சம் பேர் இருந்தோம். 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி காலையில் சுமார் 18.7 லட்சம் ஆனோம். வெள்ளமில்லை, கொள்ளை நோயில்லை, ஒருவர்கூட வீட்டை விட்டு நகரவில்லை. ஜில்லாவை மூன்றாகப் பிரித்துத் திருப்பதி ஒரு பக்கமும் மதனப்பள்ளி இன்னொரு பக்கமும் போய்விட்டன. திருப்பதிக்குப் போகும் சாலை எங்களிடம் தொடங்குகிறது. திருப்பதி எங்கள் ஜில்லாவில் இல்லை. இந்த முறை ஏப்ரல் முதல் தேதியை மூன்று நாளில் தவறவிட்டிருக்கிறார்கள்.

நிஜமாகப் போனவர்கள் கணக்கு தனி. பக்கத்து அரகொண்டாவில் பிறந்த பிரதாப் ரெட்டி 1983-இல் சென்னையில் அப்பல்லோவைத் திறந்தார். எங்கள் மண்டலத்துப் பேட்டமிட்டாக்காரரான கல்லா ராமச்சந்திர நாயுடு அமெரிக்கா போய்த் திரும்பி வந்து, 1985-இல் அமர ராஜாவைத் தொடங்கினார். அமரான் பேட்டரி அங்கிருந்து வந்தது. திரும்பி வந்த ஒருவரால் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கிடைத்தது. மீதிப் பேர் திரும்பாததால் பெங்களூருக்கும் டல்லாசுக்கும் என்ன நன்மை என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. என் வகுப்பில் முதல் வரிசையில் இருந்தவர்கள் வெளிநாட்டில், நடு வரிசை சென்னையில், பெங்களூரில். கடைசி வரிசைதான் ஊரில் இருந்து தேரை இழுக்கிறது, பள்ளிக்கு நன்கொடை திரட்டுகிறது, சாவு வீடுகளுக்கு முதல் ஆளாகப் போய் நிற்கிறது. வெளியூர்ப் பிள்ளைகள் பெற்றோர் வீட்டு வாசலில் கேமரா பொருத்தி, அங்கிருந்தே வாசலைப் பார்க்கிறார்கள். பார்க்க யாரும் வருவதில்லை என்பது அவர்களுக்கும் தெரிகிறது.

2021 கணக்கெடுப்பு நடக்கவே இல்லை. அடுத்தது 2027 மார்ச் 1-ஐ வைத்து. அதுவரை அதிகாரபூர்வமாக ஊரில் யாரும் பிறக்கவுமில்லை, போகவுமில்லை, 2011-லேயே நிற்கிறோம். வழக்கமாக எங்கே வசிக்கிறாயோ அங்கேதான் எண்ணுவார்களாம். நான் காட்பாடிக் கணக்கில் சேர்ந்து தமிழ்நாட்டைப் பெருக்குவேன். இது வேடிக்கையில்லை. 2001 ஜனத்தொகையை வைத்து 2008-இல் தொகுதிகளைத் திருத்தியபோதுதான் புத்தலப்பட்டு என்று ஒரு சட்டமன்றத் தொகுதி உண்டானது. 2009-இல் முதல் தேர்தல். பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கிய தொகுதி. சாலையும் ரயிலும் தர முடியாத கௌரவத்தை ஒரு கூட்டல் கணக்கு தந்தது. அதே திருத்தத்தில், பல ஆண்டுகளாக இருந்த வேப்பஞ்சேரி என்ற தொகுதி பட்டியலிலிருந்து போயிற்று. ஊர் இருக்கிறது, கோயில் இருக்கிறது, தேர்தல் இரவில் தொலைக்காட்சியில் அதன் பெயர் மட்டும் வராது.

அடுத்த கணக்கு முடிந்ததும் கோடுகளை மறுபடி வரையப் போகிறார்கள் என்கிறார்கள். பிள்ளை குறைவாகப் பெற்ற தெற்கு என்ன ஆகும் என்று டெல்லி வரை விவாதம் நடக்கிறது. எங்கள் கவலை அவ்வளவு பெரிதல்ல. ஊரில் மீதியிருக்கும் கடைசி வரிசைக்காரர்கள் கூடிப் பேசி, வெளியூர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்: பிப்ரவரியிலேயே வந்து தங்குங்கள், ஊரில் குடியிருப்பதாகச் சொல்லுங்கள், இரண்டு வேளைச் சாப்பாடு எங்கள் செலவு. கடைசி வரிசை நண்பன் ஒருவனிடமிருந்து எனக்கும் அழைப்பு வந்தது. அது சட்டப்படி பொய்க்கணக்கு என்றேன். “தாத்தா காலத்துல இலை எண்ணித்தானே எழுதினாங்க? நீ வந்து இலைல உக்காந்தா போதும்” என்றான். காணிப்பாக்கத்தில் சத்தியம் கேட்பார்களே என்றேன். “கேக்கறவனும் நம்ம ஊர்க்காரன்தான்டா, அவன் பையன் டல்லாஸ்ல கீறான்” என்றான்.